கன்னி மூலையிலிருந்து ஃபைவ் நைன்

கைக்காசு போட்டுச் செஞ்சு, கரண்டு போனா மட்டும் மதிப்பு வர்ற ஒரே தொழில் அமெச்சூர் வானொலிதான். பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுக்கணும், கால்சைன்னு காத்துல சொல்லிக்க ஒரு அடையாளப் பேரு வாங்கணும், அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க "அதான் கையில ஃபோன் இருக்கே, இது எதுக்கு?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். வீட்டுக்கூரையில ஒரு கம்பியை ஏத்திட்டு சம்சாரத்துகிட்டயும் பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் ஒரே நாள்ல ஏச்சு வாங்கின அன்பர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதறேன். மத்தவங்க சும்மா சிரிச்சுட்டுப் போங்க.

எனக்குப் பகல்ல சுபாங் ஜெயாவுல ஃபேக்டரி வேலை. வீடு கிள்ளான்ல, ஆத்தோரத்துல பள்ளமா கிடக்கிற ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. மழை கொஞ்சம் கூடுதலா பெஞ்சா ஆறு எங்க வாசல்ல வந்து விசாரிச்சுட்டுப் போகும்.

சரோஜா அக்கா கேட்டது

எங்க தாமான் முனையில இட்லியும் நாசி லெமாக்குங்கற தேங்காய்ப்பால் சோறும் விக்கிறவங்க சரோஜா அக்கா. அவங்க வீட்டுக்காரரு மணியம் அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. டயாலிசிஸ் செஞ்சாதான் உயிர். போன தடவை பஞ்சிர், அதான் வெள்ளம், வந்தப்போ தாமான் முழுக்கத் தண்ணி, ஃபோன் டவரும் படுத்துருச்சு. வீட்டு மாடியில மாட்டிக்கிட்ட மனுஷனுக்கு டயாலிசிஸ் முறை தவறிப் போய், உடம்பெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துக்கிச்சு. தண்ணி வடிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்போ பொழைச்சதே அதிசயம்.

ஒரு நாள் காலையில நான் அவங்க கடையில இட்லியைப் பிட்டு வாயில வைக்கும்போது கேட்டாங்க, "குணா, அந்த ரேடியோவுல எங்கெங்கயோ பேசறியே, அடுத்த வெள்ளத்துக்கு அதுல ஒரு போட் கூப்பிட முடியுமா?" சும்மா இருந்திருக்கலாம். சட்னி நல்லா இருந்துச்சு, எனக்கும் கொஞ்சம் மெதப்பு. "முடியும்க்கா, நம்ம பாலாய் ராயாவுல ஒரு நிலையமே போட்டுருவோம்"னுட்டேன். பாலாய் ராயான்னா எங்க சமூக மண்டபம். அக்கா கரண்டியைக் கீழே வச்சுட்டு என்னை நேராப் பார்த்தாங்க.

"வாயால சொல்லாத தம்பி. போட் வரணும். வரலைன்னா உன்னைத்தான் கேப்பேன்."

மட்டமான தட்டு

நிலையம்னா பெரிசா நினைக்காதீங்க. பேசற செட் ஒண்ணு, அதுவும் காருக்குள்ள வைக்கிற பழைய செட். அதோட ஏரியலுக்கு அடியில காந்தம் இருக்கும். காந்தம் ஒட்டுற மாதிரி அகலமா ஒரு தகடு கிடைச்சா போதும், ஏரியல் ஜம்முனு வேலை செய்யும். அதுக்காகத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். கையில ஏரியலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தாம்பாளத்து மேலயும் வச்சு வச்சுப் பாக்கறேன், ஒண்ணுலயும் ஒட்டல.

கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துலேர்ந்து வேலைக்கு வந்தவர். பெருமையா, "சார், ஒட்டாதுங்க, எல்லாம் அசல் எவர்சில்வர். ஒட்டுச்சுன்னாதான் மட்டம்"னார். "அந்த மட்டமானதுதாங்க எனக்கு வேணும்"னேன். அவருக்கு முகம் செத்துப் போச்சு. எங்கிட்ட அந்த மாதிரி சரக்கே கிடையாதுன்னு சத்தியம் பண்ணாத குறை. நான் விடாம அலமாரிக்குக் கீழ தேடி, மூலையில தூசி படிஞ்சு கிடந்த ஒரு தட்டுல ஏரியலை வச்சேன். டக்குனு பிடிச்சுக்கிச்சு. நான் துள்ளிக் குதிச்சதைப் பார்த்து, கல்யாணச் சீருக்குத் தட்டு எடுக்க வந்திருந்த ரெண்டு குடும்பம் அந்தப் பக்கம் தள்ளி நின்னுச்சு. கடைக்காரர் தட்டைப் பேப்பர்ல சுத்தும்போது மெதுவா சொன்னார்:

"சார், யாராவது கேட்டா எங்க கடையில வாங்கினேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

கம்புக்கு வாஸ்து

தட்டை உயரத்துல ஏத்தணுமே. பக்கத்து வீட்டுச் சீனர் துணி காயப்போடுற நீள மூங்கில் ஒண்ணைக் கொடுத்தார். அதோட நுனியில தட்டு, தட்டு மேல ஏரியல். மண்டபத்து மாடி வராண்டாவுல, கிழக்கையும் வடக்கையும் பார்த்த மூலைதான் தோதான இடம். அங்கேர்ந்து பெட்டாலிங் ஜெயா பக்கம் மறைப்பே கிடையாது. எங்களுக்குத் தலைமை நிலையம் அங்கதான். கயிறைக் கட்டி முடிச்சுச் சட்டையில கையைத் துடைக்கும்போது தலைவர் தனபாலன் வந்தார்.

தனபாலன் எங்க குடியிருப்பாளர் சங்கத் தலைவர். வாஸ்துல பெரிய புலி. கழிப்பறைக் கதவைத் திருப்பி வச்சதுக்கப்புறம்தான் சங்கத்துக்கு நல்ல காலம் வந்துச்சுன்னு இன்னிக்கும் நம்பறவர். கம்பைப் பார்த்ததும் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டார். "என்ன குணா, ஈசானிய மூலையில போய் உயரமா நட்டு வச்சிருக்கே? அங்க பாரம் ஏத்தக்கூடாதுப்பா. கன்னி மூலைக்குக் கொண்டு போ." தென்மேற்குதான் கன்னி மூலை. அங்க இரும்புத் தண்ணித்தொட்டி ஒண்ணு யானை மாதிரி நிக்குது. "தலைவரே, தொட்டி மறைக்கும், சிக்னல் போகாது"ன்னு கெஞ்சினேன், கத்தினேன், படம் வரைஞ்சு காட்டினேன். மண்டபத்துச் சாவி அவர்கிட்ட இருக்கு. கம்பு தொட்டிக்குப் பின்னாடி போச்சு.

"குணா, மூலை சரியா இருந்தா சிக்னல் தானா வரும் லா."

பேட்டரி சாமி

செட்டுக்குக் கரண்டு வேணும். வெள்ளத்துல கரண்டு இருக்காது. அதனால லோரி பேட்டரி ஒண்ணு வாங்கி, சார்ஜ் பண்ணி, மாடியில ஒரு மூலையில வச்சேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தா காணோம். யாரோ பிறந்தநாளுக்குக் கராவோக்கே வைக்கத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வந்தப்போ அதுல ஒரு பல்பு எரியக்கூட சக்தி இல்ல. சத்தம் போட்டேன். அதுக்கடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு வண்ண விளக்குப் போடப் போயிருச்சு. "பஞ்சிர் வந்தா என்ன பண்றது?"ன்னு கேட்டா, வெளிய எட்டிப் பார்த்து, "வெயில் காயுது பாருங்கண்ணே"ங்கறாங்க.

பூட்டுப் போட்டேன், உடைச்சுட்டாங்க. கடைசியில பேட்டரிக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, மேல ஒரு எலுமிச்சம்பழத்தையும் வச்சுட்டு வந்தேன். அவ்வளவுதான், ஒரு பய கை வைக்கல. தொந்தரவு வேற பக்கம் வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு யாரோ பூ வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் சூடம் ஏத்தவே வந்துட்டார். சார்ஜ் ஆகிற பேட்டரி பக்கத்துல நெருப்பு வச்சா மண்டபமே வெடிச்சுரும். ஓடிப் போய்த் தட்டிவிட்டேன். அவர் தப்பு பண்ணின மாதிரி கன்னத்துல போட்டுக்கிட்டு, பயபக்தியோட கேட்டார்:

"மன்னிச்சிருங்கண்ணே, தெரியாது. சூடம் வேணாம்னா, இந்தச் சாமி சேவல் ஏத்துக்குமா?"

ஃபைவ் நைன்

இப்ப எங்க சாதிக்காரங்களோட பெரிய பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். அமெச்சூர்காரங்களைச் சொல்றேன். நம்ம குரல் அந்தப் பக்கம் எப்படி விழுதுன்னு எண்ணுல சொல்லுவாங்க. முதல் எண் தெளிவு, அஞ்சுதான் உச்சம். ரெண்டாவது எண் பலம், ஒன்பது உச்சம். ஃபைவ் நைன்னா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குதுன்னு அர்த்தம். ஆனா ஒருத்தர் வீட்டுக்குப் போய், "சாப்பிட்டாச்சா?"ன்னா பசியில உயிர் போனாலும் "ஆச்சு ஆச்சு"ங்கறோமில்ல, அதே மாதிரிதான் இது. ஃபைவ் நைன் மரியாதை. அதுக்குக் கீழ சொன்னா அவமரியாதை.

பெட்டாலிங் ஜெயாவுல தலைமை நிலையம் நடத்தறவர் பொன்னம்பலம் அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகத்துல பெரிய பதவியில இருந்து ஓய்வு பெத்தவர். வீட்டுக்குப் பின்னாடி கோபுரம் மாதிரி ஏரியல், செட்டும் பெரிய செட். அவர் குரல் எங்க மண்டபத்துல கணீர்னு கேக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு நிலையமா கூப்பிட்டு விசாரிப்பார். தொட்டிக்குப் பின்னாடியிருந்து முதல் தடவை நான் பேசினப்போ பயந்துகிட்டேதான் பேசினேன். "வடிவாக் கேக்குது தம்பி, ஃபைவ் நைன்"னார். தலைவர் தனபாலன் என் முதுகுல ஒரு அறை வச்சார். நானும் நம்பிட்டேன். யாரு நம்பமாட்டா? டெங்கில்ங்கற ஊர்லேர்ந்து பேசற ஒருத்தர் அன்னிக்கு அங்கிள்கிட்ட சொன்னதைக் கேட்டப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்:

"அங்கிள், உங்க சிக்னல் ஃபைவ் நைன், ரொம்ப பிரமாதம், நீங்க யாருன்னு மறுபடி சொல்லுங்க."

திறப்பு விழா

தலைவர் சும்மா விடுவாரா? ரிப்பன், மாலை, கேசரி, ஒரு பிரமுகர். பிரமுகர் குத்துவிளக்கேத்திட்டு மைக்கைக் கையில எடுத்தார். எங்க மைக்குல பட்டனை அழுத்தினாதான் பேச்சு வெளிய போகும். விட்டா கேக்கலாம். இதை அவருக்குச் சொல்ல நான் எழுந்தேன், தலைவர் கண்ணாலயே உக்கார வச்சார். அவர் தமிழர் ஒற்றுமைலேர்ந்து ஆரம்பிச்சு இளைஞர் எதிர்காலம் வரைக்கும் மூச்சுவிடாம பேசினார். பட்டன்ல விரல் படவே இல்ல. பெட்டாலிங் ஜெயாவுக்கு ஒரு எழுத்துகூடப் போகல. சனங்க கை தட்டினாங்க, நானும் தட்டினேன்.

எல்லாரும் செட்டையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது. உரை முடியும்னு அங்கிளுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்த நேரம் தாண்டினதும் பொன்னம்பலம் அங்கிள் குரல் கணீர்னு வந்துச்சு. மண்டபமே ஆரவாரம் பண்ணுச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அன்னிக்கு அழுதிருக்கணும்.

"அருமையான உரை. ஒவ்வொரு சொல்லும் நெஞ்சைத் தொட்டது. ஃபைவ் நைன்."

வெள்ளம்

அந்த வருஷக் கடைசியில ரெண்டு நாள் விடாம மழை. ஆறு கரையேறி, காலையில எங்க மண்டபத்துக் கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி. தாமான் சனம் மொத்தமும் மாடியில. மணியம் அண்ணனை நாலு பேரு பிளாஸ்டிக் நாக்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. ரோடு அடைச்சதால முந்தின நாள் டயாலிசிஸ் போகல. கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. ஃபோன் ஒண்ணுலயும் சிக்னல் இல்ல.

நான் செட்டைப் போட்டேன். எலுமிச்சம்பழத்துப் புண்ணியத்துல பேட்டரி முழுசா இருந்துச்சு. அங்கிள் ஒவ்வொரு நிலையமா கூப்பிட்டுக்கிட்டிருந்தார். எங்க முறை வந்ததும், "டயாலிசிஸ் நோயாளி ஒருத்தர், அவசரம், போட் வேணும்"னு நிறுத்தி நிதானமா சொன்னேன். "ஃபைவ் நைன் தம்பி, ரோஜர்"னார். ரோஜர்னா சேதி கிடைச்சுதுன்னு அர்த்தம். நான் சரோஜா அக்கா பக்கம் திரும்பி, "சொல்லியாச்சுக்கா, வந்துரும்"னேன். எனக்கே என்னை நினைச்சுப் பெருமை. ஒரு மணி நேரம் போச்சு, வரல. மறுபடி சொன்னேன். மறுபடி ஃபைவ் நைன். தூரத்துல ஒரு போட் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம அடுத்த தாமானுக்குப் போச்சு. சனமெல்லாம் கத்துச்சு, துண்டை வீசுச்சு. மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மூணாவது தடவையும் ஃபைவ் நைன். அக்கா அண்ணன் நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அவர்தான் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்:

"குணா, ஃபைவ் நைன்னா என்னய்யா... வந்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தமா?"

பிள்ளைங்க மேல சத்தியம்

சரோஜா அக்கா எழுந்து வந்து என் கையிலேர்ந்து மைக்கைப் பிடுங்கினாங்க. "அக்கா, முதல்ல கால்சைன் சொல்லணும்"னேன். இப்ப நினைச்சா என்னையே அறையணும் போல இருக்கு. அவங்க பட்டனை அழுத்தி, காஜாங் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினாங்க: "அண்ணே, உங்க பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க, நாங்க பேசறது கேக்குதா?" விட்டாங்க. பதில் இல்ல. மறுபடி அதையே கத்தினாங்க. மறுபடி. மறுபடி.

ஃபைவ் நைன்னு ஆயிரம் பேருக்குச் சும்மா சொல்லலாம். பிள்ளைங்க மேல சத்தியம்னு கேட்டா எந்த மனுஷனுக்கும் நாக்கு புரளாது. கடைசியில அந்தக் கணீர்க் குரல் வந்துச்சு, ஆனா கணீர்னு இல்ல. "தங்கச்சி, பிள்ளை, சத்தியம் எண்டு ரெண்டு சொல்லுத்தான் இப்ப விழுந்தது. காலையிலிருந்து உங்கட பக்கம் வெறும் இரைச்சல்"னார். அப்போ இத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் யாரோட பேசிக்கிட்டிருந்தேன்? அந்த இரும்புத் தொட்டியோடயா? அங்கிள் இன்னும் முடிக்கல.

"நான் உங்கட மண்டபத்தில எல்லாரும் சுகம் எண்டு போட் அனுப்புற மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டன்."

குடும்பத் தலைவர்

நான் ஓடிப் போய் மூங்கிலை அவுத்தேன். அதைத் தூக்கிட்டு ஈசானிய மூலைக்கு வந்தா தலைவர் தனபாலன் குறுக்க நிக்கறார். கெட்ட மனுஷன் இல்ல, நிஜமாவே பயந்து போயிருந்தார். "குணா, வேணாம்பா, இத்தனை சனம் மாடியில இருக்கிற நேரத்துல... ஈசானியத்துல உசரமா ஏதாவது வச்சா குடும்பத் தலைவருக்கு ஆகாது"ன்னார், குரல் உடைஞ்சுபோய். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சரோஜா அக்கா திரும்பினாங்க. சத்தம் போடல.

"எங்க குடும்பத் தலைவரு அதோ நாக்காலியில சாஞ்சு கிடக்காரு, தலைவரே. அவருக்கு இதுக்கு மேல என்ன ஆகணும்?"

உண்மையான எண்

தலைவர் மூங்கிலை என் கையிலேர்ந்து வாங்கினார். கயிறு அவுக்கும்போது அறுந்து போச்சு, கட்ட வேற கயிறும் இல்ல. எங்கள்ல உயரமானவர் அவர்தான். வராண்டாக் கட்டையில சாஞ்சு, கம்பைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மழையில நின்னார். சட்டைப்பையில வச்சிருந்த விபூதிப் பொட்டலம் கரைஞ்சு வெள்ளையா ஒழுகுச்சு.

நான் செய்தியைச் சொன்னேன். பேரு, நோய், மண்டபம் இருக்கிற இடம், போட். விட்டுட்டுக் காத்திருந்தேன். இத்தனை நாள்ல எனக்கு வந்த எண்ணுலயே மட்டமான எண் அதுதான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு.

"ஃபைவ் த்ரீ, தம்பி. பலம் காணாது. ஆனா சொன்னதெல்லாம் விளங்கினது. திருப்பிச் சொல்லுறன், பிழை இருந்தாச் சொல்லு."

போட்

மத்தியானத்துக்குள்ள ஆரஞ்சு கலர் போட் ஒண்ணு மண்டபத்துப் படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு. மணியம் அண்ணனை நாக்காலியோட இறக்கினாங்க. அக்கா பின்னாடியே ஏறினாங்க, திரும்பிப் பாக்கல. போட் தாமான் முனை திரும்பி மறைஞ்சப்புறம்தான் நான் கவனிச்சேன், தலைவர் இன்னும் கம்பைத் தூக்கிக்கிட்டே நிக்கறார். உதடு நீலமா இருக்கு. "தலைவரே, போதும், விட்டுருங்க"ன்னேன்.

"அந்த மனுஷன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்னு சேதி வரட்டும் லா, அப்புறம் விடறேன்."

வெள்ளம் வடிஞ்சப்புறம்

மணியம் அண்ணன் பொழைச்சு வந்துட்டார். கம்பு ஈசானிய மூலையிலேயே நிக்குது. பரிகாரத்துக்குத் தலைவர் அதுல மஞ்சத்துணி கட்டியிருக்கார். சரோஜா அக்கா கடை திறந்த அன்னிக்கு முதல் ஆளா போய் உக்காந்தேன். "பாத்தீங்களாக்கா, சொன்ன மாதிரியே போட் வந்துச்சே"ன்னு பல்லைக் காட்டினேன். இட்லியை வச்சாங்க, சட்னியை ஊத்தினாங்க, அப்புறம்தான் பேசினாங்க.

"வந்துச்சு குணா. உன் வார்த்தைக்கு வரல. நான் கேட்ட சத்தியத்துக்கு வந்துச்சு."

திருந்தினது

பொன்னம்பலம் அங்கிள் ரொம்ப நொந்து போனார். வீட்டுக்கே வந்து மணியம் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து உள்ளதை உள்ளபடி சொல்ல ஆரம்பிச்சார். ஒருத்தருக்கு ஃபோர் ஃபைவ், இன்னொருத்தருக்கு த்ரீ டூ. ரெண்டாவது வாரம் கூட்டம் பாதியாச்சு. ஒருத்தர் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லைன்னார், ஒருத்தருக்கு செட் ரிப்பேர். டெங்கில்காரர் மட்டும் மனசு விட்டுக் கேட்டுட்டார்:

"அங்கிள், போன மாசம் எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடலைன்னுதானே எனக்கு ஃபைவ் டூ?"

அங்கிள் என்ன பண்ணுவார், பாவம்? இப்ப மறுபடியும் எல்லாருக்கும் ஃபைவ் நைன்தான், சரோஜா அக்கா ஒருத்தருக்குத் தவிர. ஞாயித்துக்கிழமை கடையைக் கட்டிட்டு அவங்க நேரா மண்டபத்துக்கு வந்துருவாங்க. என் கையிலேர்ந்து மைக்கை வாங்கி, அங்கிளோட பிள்ளைங்க நலத்தை முதல்ல விசாரிச்சுட்டு, அப்புறம்தான் கேக்குதான்னு கேப்பாங்க.

அவசர நிலையம் போட நினைக்கிற அன்பர்களே, மத்த எல்லாச் சாமானையும் எங்கயாவது இரவல் வாங்கிக்கலாம், "எனக்குக் கேக்கல"ன்னு சொல்ற ஒரு ஆளை மட்டும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் சத்தியம் வாங்காம கண்டுபிடிக்க முடியாது.